தடுப்பூசி வேண்டும், பள்ளிக் கதவை மூடும் கட்டாயம் வேண்டாம்!

ரெங்கம் வட்டாரத்துத் தமிழ்ப் பெற்றோர்களே!

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை ஒரு தாளைக் கொண்டு வருகிறது. நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்கிறது. காலை நான்கு மணிக்கு எழுந்து பேருந்து ஏறும் அம்மாவுக்கும், செம்பனைக் காட்டிலிருந்து உடல் நொந்து திரும்பும் அப்பாவுக்கும் அதை வரி வரியாகப் படிக்க நேரம் இல்லை. இன்னொரு பக்கம் கைப்பேசியில் "இந்த ஊசியால் பிள்ளை செத்துப் போனது, உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று ஒரு செய்தி வந்து நிற்கிறது. கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

இந்தக் கேள்வியை அறியாமை என்று சிரித்துத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெற்ற பிள்ளையின் உடம்பில் என்ன ஏற்றுகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. அதே சமயம், "ஊசியே வேண்டாம்" என்று ஊதி விடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் பேச்சைக் கேட்டுப் பிள்ளையைப் பறிகொடுத்தால், அவர்கள் யாரும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்ப்போம். ஒன்று, ஊசியின் நன்மை தீமைக் கணக்கு என்ன? இரண்டு, ஊசி போடாத பிள்ளையைப் பள்ளிக்கு வராதே என்று சொல்ல அரசாங்கத்துக்கு உரிமை உண்டா? இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நம் மக்கள் மத்தியில் இவ்வளவு தடுமாற்றம்.

நம் சமுதாயத்துக்கு ஊசி புதிதல்ல

நம் பாட்டன் பூட்டன்மார்களை இந்த மண்ணுக்குக் கப்பலேற்றிய காலத்தில், நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த கூலி முகாம்களில் அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள். பினாங்கில் இறங்கியதும் ஜெரெஜாக் தீவில் தனிமை முகாம். "உனக்குச் சம்மதமா?" என்று எவனும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு வேலையாள் நோயில்லாமல் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் வெள்ளைக்காரனின் கவலை.

ஆனால் அந்த அம்மைக்குத்து பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டியது என்பதும் உண்மை. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, வாசலில் வேப்பிலை கட்டி, பிழைக்குமா பிழைக்காதா என்று பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலம் அப்படித்தான் முடிந்தது. மருந்து நல்லது, கொடுத்த முறை கெட்டது. இந்த வித்தியாசம் இன்றைக்கும் நமக்குத் தேவைப்படுகிறது.

நோய் என்ன செய்யும்?

தொண்டை அடைப்பான் பழைய காலத்து நோய் என்று நினைக்காதீர்கள். 2016-ல் இந்நாட்டில் அந்நோய் பரவிப் பிள்ளைகள் இறந்தார்கள். 2019 பிப்ரவரியில் நம் ஜொகூரிலேயே, தடுப்பூசி போடாத இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அதற்குப் பலியானது. இந்நோய் கண்டவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் வரை மருத்துவம் பார்த்தும் இறந்து போகக்கூடும்.

தட்டம்மையை எடுத்துக் கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் கணக்குப்படி 2013-ல் 195 பேருக்கு இருந்தது, 2018-ல் 1,934 பேருக்கு என்று ஏறியது. ஐந்தே ஆண்டில் பத்து மடங்கு! தட்டம்மை கண்ட ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு மூளை வீக்கம் வரும். வசதியான நாடுகளிலேயே ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பிள்ளைகள் இறக்கின்றன.

இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் 1992-க்குப் பிறகு இல்லை என்றிருந்தோம். 2000-ல் ஒழிந்ததாகச் சான்றிதழும் கிடைத்தது. 27 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு மீண்டும் கண்டது.

2019 ஜூனில் கிளந்தான் குவாலா கோ கிராமத்தில் நடந்ததையும் மறந்துவிடாதீர்கள். பாத்தேக் பூர்வகுடி மக்களிடையே தட்டம்மை பரவிய அந்த நாட்களில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதலில் 'மர்ம நோய்' என்றார்கள். பிறகு பார்த்தால் தட்டம்மை! அந்தக் கிராமத்தில் முறையாக ஊசி போடப்பட்ட பிள்ளைகள் மிகக் குறைவு. இணையத்தில் எதையோ படித்துவிட்டு அவர்கள் ஊசியை மறுக்கவில்லை. ஊசி அவர்களைத் தேடிப் போகவில்லை. ஏழைக்கும் சிறுபான்மைக்கும் தடுப்பூசிப் பிரச்சினை பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது.

ஊசி என்ன செய்யும்?

பக்கவிளைவே கிடையாது என்று யாராவது சொன்னால் அவர் உண்மை பேசவில்லை. பக்கவிளைவு உண்டு. எவ்வளவு, எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

கை வீங்கும், வலிக்கும், ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரும். இது சாதாரணம். தட்டம்மை சேர்ந்த மூன்று நோய் ஊசியால் மூவாயிரம், நாலாயிரம் டோஸ்களில் ஒன்றுக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் தழும்பு விடாமல் போய்விடும். உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை, ஏறக்குறைய பத்து லட்சம் டோஸ்களில் ஒன்றுக்கு வருகிறது. அது பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில் வருவதால்தான் உடனே வீட்டுக்கு அனுப்பாமல் உட்கார வைக்கிறார்கள்.

"ஆட்டிசம் வரும்" என்ற பேச்சு 1998-ல் லண்டன் மருத்துவர் ஒருவர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 2010-ல் அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவர் பதிவும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பல ஆண்டு கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்றே தெரிந்தது.

படிவம் ஒன்றில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு 2010 முதல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. "பிள்ளை பெற முடியாமல் போய்விடும்" என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. சுவீடனில் 2020-ல் வெளியான ஆய்வு, 17 வயதுக்குள் இந்த ஊசி போட்ட பெண்களிடம் அந்தப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைவு என்று காட்டியது. இந்த வயதில் ஊசியைக் கண்டு மயங்கி விழுவது உண்டு. ஆகவே பசியோடு அனுப்பாதீர்கள். போட்ட பிறகு கால் மணி நேரம் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பாடம். 2018 ஜூலையில் சமோவா தீவில் தட்டம்மை ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தன. ஊசி மருந்தில் தவறில்லை. அதைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் காலாவதியான மருந்தைத் தாதியர் கலந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் மக்கள் ஊசியையே வெறுத்தார்கள், அரசாங்கமும் திட்டத்தை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மனிதத் தவற்றை மறைத்தாலும் ஆபத்து, அதைக் காட்டி ஊசியையே நிறுத்தினாலும் ஆபத்து.

கோவிட் ஊசியின் கணக்கு வேறு

எல்லா ஊசியையும் ஒரே தராசில் போடக் கூடாது. 2021 செப்டம்பரில் நம் நாட்டில் 12 முதல் 17 வயதினருக்குக் கோவிட் ஊசி தொடங்கியது. 2022 பிப்ரவரியில் 5 முதல் 11 வயதினருக்கும் வந்தது. இளம் ஆண் பிள்ளைகளுக்கு ஃபைசர் ஊசியின் இரண்டாம் டோஸுக்குப் பிறகு இருதயத் தசை வீக்கம் வருவது உண்மை. அமெரிக்கக் கணக்கில் 12 முதல் 15 வயதுப் பையன்களில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 71 பேர், 16, 17 வயதில் 106 பேர். பெரும்பாலோர் குணமடைந்தார்கள். ஆனால் அதே பிள்ளைகளுக்குக் கோவிட் நோயின் ஆபத்தும் பெரியவர்களை விட மிகக் குறைவு. அதனால்தான் 2021-ல் பிரிட்டனில் தடுப்பூசி வல்லுநர் குழு 12 முதல் 15 வயதினர் அனைவருக்கும் போடப் பரிந்துரைக்கத் தயங்கியது. ஹாங்காங் ஒரே டோஸ் போதும் என்று சொன்னது.

அக்கரையில், சிங்கப்பூரில், 2021-ல் முதல் டோஸ் போட்ட 16 வயதுப் பையன் ஆறாவது நாள் பளு தூக்கிய பின் இருதயம் நின்று சரிந்தான். அந்த அரசாங்கம் மூடி மறைக்கவில்லை. ஊசியின் காரணமாக இருதயத் தசை வீங்கியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு 225,000 சிங்கப்பூர் வெள்ளி உதவி வழங்கியது. ஊசி போட்ட பிறகு கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று எல்லோரையும் எச்சரித்தது. திட்டமும் நிற்கவில்லை, மக்களின் நம்பிக்கையும் உடையவில்லை. நமக்குத் தேவைப்படுவது இந்த நேர்மைதான்.

என் கருத்து இதுதான். தட்டம்மை, தொண்டை அடைப்பான், ரணஜன்னி, இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றுக்குத் தராசு ஒரு பக்கமாகவே சாய்கிறது. போடுங்கள். இளம் பையன்களுக்குக் கோவிட் ஊசி என்பதில் நியாயமாக யோசிக்க இடம் உண்டு. யோசிக்கிறவரை 'ஊசி எதிர்ப்பாளர்' என்று முத்திரை குத்துவது அநியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளியில் சேர இன்னின்ன ஊசி கட்டாயம் என்று நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றவில்லை. 2019-ல் ஜொகூர் குழந்தை இறந்த பிறகு கட்டாயமாக்குவது பற்றி அரசாங்கம் ஆராய்வதாகச் சொன்னது, அவ்வளவே. 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் (சட்டம் 342) 11-ஆம் பிரிவு மட்டும், ஓர் இடத்தை நோய் பரவிய பகுதியாக அமைச்சர் அறிவித்தால் அங்குள்ளவர்களை ஊசி போட்டுக்கொள்ளும்படி அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது. அது நெருக்கடி கால அதிகாரம், அன்றாடப் பள்ளிச் சேர்க்கைக்கான விதி அல்ல.

வெளிநாடுகளைப் பாருங்கள். சிங்கப்பூரில் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகள் சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் மாநிலந்தோறும் பள்ளிச் சேர்க்கைக்கு ஊசி விதி உண்டு. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் செக் நாட்டு வழக்கில், ஊசி போடாத பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்க மறுத்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2-ஆம் நாள் ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது, உடல் மீதான உரிமை அரசியலமைப்பில் அடங்கும் என்றது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும், பக்கவிளைவுத் தகவல்களைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

இத்தாலி 2017-ல் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. பத்து ஊசிகளைக் கட்டாயமாக்கியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பாலர் பள்ளியில் சேர முடியாது. ஆனால் கட்டாயக் கல்வி வயதில் இருக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டவில்லை, பெற்றோருக்கு அபராதம் மட்டுமே. பெற்றோரின் முடிவுக்குப் பிள்ளையின் படிப்பைப் பலி கொடுக்கக் கூடாது என்பது அதன் பொருள்.

கட்டாயம் வந்தால் யார் தலையில் விழும்?

நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஊசி இல்லாவிட்டால் பள்ளிக்கு வராதே என்று இன்னொரு விதி வந்தால் என்ன ஆகும்? அனுப்பாவிட்டால் குற்றம், அனுப்பினால் கதவு மூடியிருக்கும்!

பணக்கார வீட்டுப் பெற்றோர் ஊசியை மறுத்தால் தனியார் பள்ளி இருக்கிறது, வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. நமக்கு? வேலை தேடித் தோட்டம் விட்டுத் தோட்டம், ஊர் விட்டு ஊர் மாறும்போது கிளினிக் புத்தகம் தொலைந்து போன பிள்ளை எத்தனை? பெற்றோரின் திருமணம் பதிவாகாததால், தாய்க்கு அடையாள அட்டை இல்லாததால், பிறப்புப் பத்திரமே இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் எத்தனை? குடியுரிமை இல்லை என்று பதிவான பிள்ளையிடம் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கப்படுவதுண்டு. இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் யாரும் ஊசியை மறுக்கவில்லை. ஆனால் கட்டாயச் சட்டம் முதலில் இவர்களைத்தான் வாசலில் நிறுத்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதிகாரிகள் கணக்கில் 'லேசான காய்ச்சல்' என்பது ஒரு வரி. நாள் கூலிக்காரர் வீட்டில் அது ஒரு நாள் சம்பளம். பிள்ளை காய்ச்சலில் படுத்தால் தாய் வேலைக்குப் போக முடியாது. ரெங்கத்திலிருந்து சிறப்பு மருத்துவரைப் பார்க்க குளுவாங் பெரிய மருத்துவமனைக்குப் போய் வருவதே ஒரு நாள் வேலை. ஊசிக்குத் தயங்கும் பல வீடுகளில் உண்மையான காரணம் மூட நம்பிக்கை அல்ல, இந்தக் கூலிக் கணக்குதான்.

சம்மதம் என்றால் என்ன?

2009-ல் இந்தியாவில், ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்ததும் 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் சம்மதப் படிவங்களைப் பிரித்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 1,948-ல் வெறும் கைநாட்டு. 2,763-ல் கையெழுத்திட்டவர் விடுதிக் காப்பாளர்! 2013-ல் இந்திய நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஊசி நல்லதாக இருக்கலாம். ஆனால் ஏழையின் சம்மதத்தை வேறொருவர் கையெழுத்தால் நிரப்ப முடியாது. நம் நாட்டில் 18 வயது நிரம்பாத பிள்ளைக்காக முடிவெடுக்கும் பொறுப்பு பெற்றோருடையது. தலைமையாசிரியர் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. அதேபோல் படிக்காமல் போடும் கையெழுத்தும் சம்மதம் ஆகாது.

பாதிக்கப்பட்டால் யார் பொறுப்பு?

கோவிட் ஊசிக்கு மட்டும் 2021 மார்ச்சில் நம் அரசாங்கம் ஒரு சிறப்பு உதவி அறிவித்தது. கடும் பாதிப்பால் நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தால் 50,000 ரிங்கிட் வரை, நிரந்தர ஊனம் அல்லது மரணம் என்றால் 500,000 ரிங்கிட். வழக்கமான பள்ளி ஊசிகளுக்கு இப்படி ஒரு நிரந்தரத் திட்டம் இல்லை. பிரிட்டனில் 1979 முதல் அதற்கென்று சட்டம் இருக்கிறது, 120,000 பவுண்ட் கிடைக்கும். அமெரிக்காவில் ஊசி விலையோடு 75 சென்ட் வரி சேர்த்து வசூலித்து, அந்த நிதியிலிருந்து 1988 முதல் கொடுக்கிறார்கள்.

இங்கே பாதிக்கப்பட்டால் கவனக்குறைவு என்று நிரூபித்து வழக்குப் போட வேண்டும். அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடர 36 மாதம்தான் கெடு. யாருடைய தவறும் இல்லாமல் வந்த பாதிப்புக்கு எதை நிரூபிப்பது? ஊரையெல்லாம் காக்க ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டால், அந்தப் பிள்ளையை ஊரே தாங்க வேண்டும். இழப்பீட்டுச் சட்டம் போடாமல் கட்டாயம் பற்றிப் பேச எந்த அமைச்சருக்கும் அருகதை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

1. கிளினிக் புத்தகத்தை அடையாள அட்டையைப் போல் பாதுகாத்து வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

2. ஏழு வயது, 13 வயது, 15 வயது ஆகியவை பள்ளி ஊசி போடும் வயதுகள். படிவம் வந்தால் என்ன ஊசி, எத்தனை டோஸ், என்ன பக்கவிளைவு என்று கேளுங்கள். மொழி புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

3. பிள்ளைக்கு ஒவ்வாமை, வலிப்பு, நீண்டகால நோய் இருந்தால் படிவத்தில் எழுதுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

4. ஊசிக்குப் பிறகு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உடம்பெங்கும் தடிப்பு, வலிப்பு கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஊசி போட்ட தேதியைச் சொல்லி, அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்குப் பொதுமக்களே நேரடியாகப் புகார் செய்யப் படிவம் உண்டு.

5. ஊசி இல்லை என்று பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பினால், எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

நாம் கேட்க வேண்டியது

சம்மதப் படிவம் தமிழிலும் வர வேண்டும். ஆவணம் இல்லாத பிள்ளைகள் உட்பட எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாமல் ஊசி போட வேண்டும். தோட்டங்களுக்கு நடமாடும் கிளினிக் மாலை நேரத்தில் வர வேண்டும். 2025 முதல் ஜொகூரில் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. அப்படியானால் பள்ளி ஊசியை வெள்ளிக்கிழமை போடுங்கள், காய்ச்சல் வந்தாலும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் இருக்கும். பக்கவிளைவுக் கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். எல்லா ஊசிகளுக்கும் இழப்பீட்டுச் சட்டம் வர வேண்டும். நோய் பரவும் நாட்களில் ஊசி போடாத பிள்ளையைச் சில வாரம் வீட்டில் இருக்கச் சொல்லலாம், பாடத்தை வீட்டுக்கு அனுப்பட்டும். ஆனால் நிரந்தரமாகப் பள்ளிக் கதவை மூடும் சட்டத்தை நாம் ஏற்க மாட்டோம்.

இவற்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். இது சலுகை அல்ல, நம் பிள்ளைகளின் உரிமை.

அதுவரை ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். அரசாங்கத்தின் மீதுள்ள கோபத்தைப் பிள்ளையின் உடம்பில் காட்டக் கூடாது. இந்த வாரமே கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எந்த ஊசி விட்டுப் போயிருக்கிறதோ, ரெங்கம் அரசாங்க கிளினிக்கில் கேட்டுப் போட்டுவிடுங்கள். கேள்வியையும் விடாதீர்கள்.